பழைய ஸ்மார்ட் டிவிக்கு அப்டேட்: பட்டனை அழுத்தும் முன் சில நிமிடங்கள்

கும்பகோணம், ராஜகிரி, பண்டாரவாடை, அய்யம்பேட்டை என நமது பகுதியில் பல வீடுகளில் இருக்கும் டிவி, வளைகுடாவில் வேலை பார்க்கும் மகனோ மருமகனோ விடுமுறையில் வரும்போது கொண்டு வந்ததாக இருக்கும். எல்இடி, எல்சிடி, பிளாஸ்மா டிவிகளுக்கு இருந்த சுங்க வரிச் சலுகையை 2013 ஆகஸ்ட் 26 முதல் மத்திய அரசு நிறுத்தியது. அதன் பிறகும் வரி கட்டிக் கொண்டு வந்தவர்கள் உண்டு. இங்கேயே கடையில் வாங்கியவர்களும் உண்டு. அந்த டிவிகள் பலவற்றுக்கு இப்போது எட்டு, பத்து வயது.

படம் இன்னும் தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் யூடியூப் திறக்கச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரமளானில் மக்கா நேரலையைப் பார்க்க உட்கார்ந்தால் பாதியில் நின்றுவிடுகிறது. நடுவில் "புதிய சாஃப்ட்வேர் உள்ளது, அப்டேட் செய்யலாமா?" என்று ஒரு செய்தி வேறு வருகிறது. வீட்டில் இருப்பதோ வயதான பெற்றோரும் பள்ளிப் பிள்ளைகளும். என்ன செய்வது என்று தெரியாமல் துபாய்க்கும் ரியாத்துக்கும் ஃபோன் போகிறது.

அப்டேட் செய்வது நல்லதுதான். ஆனால் அதில் ஒரு கட்டம் ஆபத்தானது. அது எது என்று தெரிந்துகொண்டால் வீட்டில் உள்ளவர்களே பயமில்லாமல் செய்யலாம்.

டிவிக்குள் என்ன நடக்கிறது?

டிவியை இயக்கும் அடிப்படை சாஃப்ட்வேருக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அது டிவியின் மதர்போர்டில் உள்ள ஒரு மெமரி சிப்பில் இருக்கிறது. அப்டேட் இரண்டு கட்டமாக நடக்கும். முதலில் புதிய ஃபைல் இணையத்திலிருந்து டவுன்லோட் ஆகும். இதன் நடுவில் நெட் போனாலும் கரண்ட் போனாலும் பெரிய பாதிப்பு இல்லை, மீண்டும் தொடங்கலாம்.

இரண்டாவது கட்டத்தில் சிப்பில் உள்ள பழையதை அழித்துப் புதியதை எழுதும். ஆபத்து இங்கேதான். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால், பழையதும் இல்லாமல் புதியதும் முழுமையாக இல்லாமல் டிவி நின்றுவிடலாம். பிறகு போர்டையே மாற்ற வேண்டிய நிலை வரும். பழைய மாடல்களுக்கு போர்டு கிடைப்பதும் சிரமம்.

முதலில் தேதியைப் பாருங்கள்

ஆப் திறக்கவில்லை என்றால் உடனே அப்டேட்டுக்குப் போக வேண்டாம். டிவியின் செட்டிங்ஸில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இணையத்தில் ஒவ்வொரு தளமும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழைக் காட்டும். அதற்குக் காலாவதி தேதி உண்டு. டிவியின் கடிகாரம் 2015 என்று காட்டினால், சரியான சான்றிதழையும் டிவி ஏற்காது. தேதியைத் திருத்தி, ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாலே பல நேரங்களில் சரியாகிவிடும்.

அப்டேட்டால் தீராத பிரச்சினைகளும் உண்டு. 2010, 2011ஆம் ஆண்டு சாம்சங் டிவிகள் சிலவற்றில் 2019 டிசம்பர் முதல் நெட்ஃபிளிக்ஸ் நிறுத்தப்பட்டது. அப்படி ஆப் நிறுவனமே கைவிட்ட டிவியில் எத்தனை முறை அப்டேட் தேடினாலும் பயனில்லை. டிவியின் மெமரி அளவும் அப்டேட்டால் கூடாது.

மாடல் எண் முழுவதும் தேவை

டிவியின் பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை முக்கியம். ஒரே அளவு, ஒரே தோற்றம் உள்ள டிவியாக இருந்தாலும் இந்தியாவில் விற்றதும் சவூதியில் விற்றதும் உள்ளே வேறுபடலாம். இந்தியாவில் விற்கும் சாம்சங் டிவிகளின் மாடல் எண் பொதுவாக "எக்ஸ்எக்ஸ்எல்" என்ற எழுத்துகளில் முடியும். வளைகுடாவில் வாங்கியதில் முடிவு வேறாக இருக்கும். எனவே பென்டிரைவ் மூலம் அப்டேட் செய்பவர்கள், டிவி வாங்கிய நாட்டுக்கான நிறுவன இணையப் பக்கத்திலேயே ஃபைலைத் தேட வேண்டும். "இதுவும் அதே 40 இஞ்ச்தானே" என்று வேறு மாடலின் ஃபைலைப் போடக்கூடாது.

இப்போது டிவியில் இருக்கும் சாஃப்ட்வேர் பதிப்பின் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். செட்டிங்ஸில் "சப்போர்ட்" அல்லது "டிவி பற்றி" என்ற பகுதியில் அது இருக்கும். நிறுவனத்தின் பக்கத்தில் இருப்பதும் அதே எண்தான் என்றால் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.

கரண்ட் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம்

துணை மின் நிலையங்களில் மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காக மின்வாரியம் பகலில் மின்சாரத்தை நிறுத்துவது நமக்குத் தெரியும். செய்தித்தாளில் அறிவிப்பு வரும். அந்த நாளில் அப்டேட் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி மின்னல் இருக்கும்போதும் வேண்டாம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், டிவி மாட்டியிருக்கும் பிளக் அந்த இணைப்பில்தான் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் ஃபேனும் லைட்டும் மட்டுமே இன்வெர்ட்டரில் இருக்கும்.

பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். திரை இருட்டாக இருக்கிறதே என்று யாராவது சுவிட்சை அணைத்துவிட்டால் அதுவும் கரண்ட் போனதற்குச் சமம்தான்.

செய்யும் முறை

எளிய வழி இணையம் மூலம் செய்வது. டிவி தன் மாடலுக்கு உரிய ஃபைலைத் தானே தேடி எடுத்துக்கொள்வதால் மாடல் மாறிப்போகும் பயம் இல்லை. செட்டிங்ஸில் சாஃப்ட்வேர் அப்டேட் என்ற இடத்தில் "இப்போது அப்டேட் செய்" என்பதை அழுத்தினால் போதும்.

இணையம் மூலம் கிடைக்காவிட்டால் பென்டிரைவ் வழி. நிறுவனத்தின் இணையதளத்தில் மட்டுமே ஃபைலை எடுக்க வேண்டும். வேறு தளங்களிலோ, வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பியதிலோ எடுக்கக்கூடாது. பென்டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ய வேண்டும். அப்போது அதில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும் என்பதால் கல்யாண ஃபோட்டோக்கள் இருக்கும் பென்டிரைவை எடுக்க வேண்டாம். ஜிப் ஃபைலைப் பிரித்து, எந்த இடத்தில் எந்தப் பெயரில் வைக்க வேண்டும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறதோ அப்படியே வையுங்கள். எல்ஜி டிவிகளுக்குக் குறிப்பிட்ட பெயரில் ஒரு ஃபோல்டர் தேவை. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் டிவி அந்த ஃபைலைக் கண்டுகொள்ளாது.

அப்டேட் ஓடும்போது ரிமோட்டைத் தொட வேண்டாம். பென்டிரைவைக் கழற்ற வேண்டாம். டிவி தானாக அணைந்து மீண்டும் எரியலாம். அது இயல்புதான்.

இன்னொன்று, டிவி நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் புதிய அப்டேட் வந்த முதல் நாளே அவசரப்பட வேண்டாம். 2017 ஆகஸ்டில் பிரிட்டனில், சாம்சங் நிறுவனமே அனுப்பிய அப்டேட்டால் அந்த ஆண்டு வந்த புதிய டிவிகள் பல செயலிழந்தன. சரிசெய்யச் சில நாட்கள் ஆயின. ஒரு வாரம் பொறுத்துச் செய்வதில் நஷ்டம் இல்லை. ரமளான் தொடங்கும் முந்தைய இரவிலும் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கு முன்பும் செய்ய வேண்டாம்.

நடுவில் நின்றுவிட்டால்

அரை மணி நேரமாவது பொறுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் அசைவே இல்லை என்றால் மட்டும் பிளக்கைக் கழற்றி, சில நிமிடங்கள் கழித்து மாட்டிப் பாருங்கள். அப்போதும் வரவில்லை என்றால் வேறு ஃபைலைப் போட்டுச் சோதிக்காமல் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரை அழையுங்கள். அவர்களின் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்திலோ டிவியுடன் வந்த புத்தகத்திலோ பாருங்கள். கூகுளில் தேடும்போது போலி கஸ்டமர் கேர் எண்கள் முதலில் வந்து நிற்பது உண்டு. ஓடிபி கேட்பவரும், ஃபோனில் ஏதாவது ஆப் போடச் சொல்பவரும் மெக்கானிக் அல்ல. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

முடிந்த பிறகு

அப்டேட் முடிந்ததும் நீண்ட நிபந்தனைகள் வந்து "ஒப்புக்கொள்கிறேன்" என்று அழுத்தச் சொல்லும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிடுகிறோம். அதில் நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்பதைப் பதிவு செய்யும் அனுமதியும் இருக்கலாம். அமெரிக்காவில் விசியோ நிறுவனம் சொல்லாமலேயே 1.1 கோடி டிவிகளில் இப்படித் தகவல் சேகரித்ததாக எழுந்த வழக்கில், 2017இல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த அனுமதியைக் கொடுக்காவிட்டாலும் டிவி ஓடும்.

அப்டேட்டே வராத டிவி

நிறுவனம் பல ஆண்டுகளாக அப்டேட் தரவில்லை என்றால் அந்த டிவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. டிவியின் வைஃபையை அணைத்துவிட்டு, பெயர் பெற்ற நிறுவனத்தின் ஸ்டிக் ஒன்றை எச்டிஎம்ஐ துளையில் மாட்டினால் யூடியூப் உட்பட எல்லாம் அதில் ஓடும். அப்டேட்டும் ஸ்டிக்குக்குத்தான். டிவி வெறும் திரையாக இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும்.

விலை குறைவு என்று பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகளை மட்டும் வாங்க வேண்டாம். 2024 செப்டம்பரில் டாக்டர் வெப் என்ற பாதுகாப்பு நிறுவனம், 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் பெட்டிகளில் தீய மென்பொருள் புகுந்திருப்பதாக அறிவித்தது. அதிகம் பாதிக்கப்பட்ட நாடுகளில் சவூதி அரேபியாவும் மலேசியாவும் இருந்தன. நம் பிள்ளைகள் வேலை பார்க்கும் நாடுகள் அவை. அங்கிருந்து பெட்டி வாங்கி அனுப்பும் முன் அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். பின்புற ஸ்டிக்கரின் படத்தையும் இப்போதே அவர்களுக்கு அனுப்பி வைத்துவிடுங்கள். அடுத்த முறை ஃபோன் போகும்போது, "மாடல் என்ன?" என்ற கேள்விக்குப் பதில் அவர்கள் கையிலேயே இருக்கும்.