பித்தப்பைக் கல்லும் உடலில் உள்ள ஷெல் துண்டும்

அம்மாவின் பித்தப்பையை விலாவின் கீழ் நீளமாகக் கீறியே எடுத்தார்கள். எனக்கு நான்கு சிறு துளைகள்தான். மறுநாளே வீடு திரும்பினேன். துளைவழிச் சத்திரசிகிச்சையால் பித்தப்பையை அகற்றுவதை 1985 இல் ஜேர்மனியில் எரிக் மூஹே தொடக்கிவைத்தார்.

கல் பித்தக்குழாயை அடைத்தால் கண் மஞ்சளாகும். காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் தாமதிக்கக் கூடாது. அந்தக் கல்லை இன்று வாய்வழியே செலுத்தும் குழாய்க் கருவியால் எடுக்கலாம்.

கல் இருக்கும் இடத்தை அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுப்பதுண்டு. அது வலிய காந்தம். உடலிலுள்ள உலோகத் துண்டை அசைக்கலாம், சூடாக்கலாம். என் தொடையில் ஷெல் துண்டு இருப்பதை முதலே சொன்னேன். எக்ஸ்ரே பார்த்த பின்னரே வைத்தியர்கள் முடிவெடுத்தார்கள்.

வயிற்றுக் காயத்துக்கு முன்னர் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். உள்ளே குடல் ஒட்டியிருக்கலாம். பழைய காயம்தானே என்று விட்டுவிட வேண்டாம்.