மேலெழும்பாத ஸ்கோன் நடத்திய பாடம்

"சமையல் சோடாவைச் சூடுபடுத்தினால் என்ன வாயு வெளியேறும்?" என்று கேட்டால், என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் ஒரே குரலில் "கார்பன் டை ஆக்சைடு" என்பார்கள். சமன்பாட்டையும் பிழையில்லாமல் எழுதுவார்கள். "வாயு போன பிறகு பாத்திரத்தில் மிஞ்சுவது என்ன? அது வாயில் பட்டால் எப்படி இருக்கும்?" என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கவேண்டும் என்று தோன்றவும் இல்லை. கடந்த கோடை விடுமுறையில் என் வீட்டு அடுப்படியில்தான் அந்தக் கேள்வி எனக்குப் பிறந்தது.

கோயம்புத்தூரில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வேடசந்தூர் வந்திருந்தாள். அங்கே காபிக் கடையில் தின்ற வெனிலா ஸ்கோன் வேண்டுமென்றாள். ஸ்கோன் ஸ்காட்லாந்திலிருந்து வந்த தின்பண்டம். கேக்கும் இல்லை, பிஸ்கட்டும் இல்லை. வெளியே லேசான மொறுமொறுப்பு, உள்ளே பொலபொலவென்று உதிரும் மென்மை. காபிக் கடைகளில் அதை முக்கோணமாக வெட்டிச் சுட்டு, மேலே வெள்ளைச் சீனிப்பாகு பூசி வைத்திருப்பார்கள். பக்குவக் குறிப்பில் பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி என்று இருந்தது. கடையில் அது இல்லை. சமையல் சோடாதான் கிடைத்தது. 'இரண்டும் ஒன்றுதானே' என்று அதையே 3 தேக்கரண்டி போட்டேன்.

வந்தது மஞ்சள் நிறத்தில், சோப்பு வாசனையோடு, நாக்கில் வைக்க முடியாத கசப்பில் ஒரு பண்டம். "அம்மா, நீங்க அறிவியல் டீச்சர்தானே?" என்றாள் மகள். பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிய சமன்பாடு அப்போதுதான் எனக்கு உண்மையாகவே புரிந்தது.

தவறு எங்கே?

சமையல் சோடா என்பது சோடியம் பைகார்பனேட். அதைத் தனியாகச் சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வெளியேறிச் சோடியம் கார்பனேட் மிஞ்சும். அதுதான் சலவைச் சோடா. நான் சுட்ட ஸ்கோனில் கசந்தது அதுவே. காரத்தன்மை கூடினால் மைதாவில் இயற்கையாக உள்ள நிறமிகள் மஞ்சளாகும். சோடா அதிகமான பலகாரம் மஞ்சள் தட்டுவதை எல்லோரும் பார்த்திருப்போம்.

சோடாவோடு அமிலம் சேர்ந்தால் கதை வேறு. சூட்டுக்குக் காத்திராமல் வாயு வரும். சலவைச் சோடா மிஞ்சாது, உப்பும் நீரும்தான் மிஞ்சும். பேக்கிங் பவுடரில் சோடா, உலர்ந்த அமில உப்பு, இரண்டும் முன்கூட்டியே வினைபுரியாமல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் மாவுப்பொருள் ஆகிய மூன்றும் கலந்திருக்கும். 1843-இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் ஆல்ஃபிரட் பேர்டு என்ற மருந்தாளுநர், ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாத தம் மனைவிக்காக இத்தகைய பொடியை உருவாக்கினார். பேக்கிங் பவுடர் கிடைக்காவிட்டால், பாலுக்குப் பதிலாக நன்கு புளித்த தயிர் ஊற்றிச் சோடாவைக் கால் தேக்கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். எழுச்சி சற்றுக் குறையும்; கசப்பு வராது.

சரியான பக்குவம்

இரண்டாம் முறை செய்து சரியாக வந்த அளவு இது. 16 சிறிய ஸ்கோன்கள் கிடைக்கும்.

மைதா 250 கிராம், சீனி 60 கிராம், பேக்கிங் பவுடர் 3 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, குளிர்ந்த வெண்ணெய் 85 கிராம், முட்டை 1, குளிர்ந்த பால் 80 மில்லி, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி. முட்டை வேண்டாதவர்கள் பாலை இன்னும் 50 மில்லி கூட்டிக்கொள்ளலாம்.

உலர்ந்த பொருள்களைச் சலித்துக் கலக்கவும். வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கிப் போட்டு, புட்டுக்கு மாவு பிசறுவதுபோல விரல் நுனியால் பிசறவும். பட்டாணி அளவில் வெண்ணெய்த் துணுக்குகள் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். முட்டை, பால், எசன்ஸ் மூன்றையும் அடித்து ஊற்றி, மாவு ஒன்றுசேரும் வரை மட்டும் கூட்டவும். இரண்டு உருண்டையாக்கி, 2 செ.மீ. கனத்தில் வட்டமாகத் தட்டி, ஒவ்வொன்றையும் எட்டு முக்கோணங்களாக வெட்டவும். கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுக்கவும்.

அவன் இருந்தால் 200 டிகிரி செல்சியஸில் 12 முதல் 15 நிமிடம் போதும். என் வீட்டில் அவன் இல்லை. அடிகனமான வாணலியில் பிரிமணை வைத்து, மூடி, 10 நிமிடம் சூடேற்றினேன். பிறகு வெண்ணெய் தடவிய தட்டில் ஸ்கோன்களை இடைவெளிவிட்டு அடுக்கி உள்ளே வைத்து, மிதமான தீயில் 25 நிமிடம் விட்டேன். மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது. பாகு பூசப்போவதால் குறையாகத் தெரியாது. அவன் வருவதற்கு முன்பு ஸ்காட்லாந்திலும் இரும்புக் கல்லில்தான் ஸ்கோன் சுட்டார்கள். நம் தோசைக்கல்லுக்கு அது அந்நியப் பண்டமில்லை.

வெண்ணெய் ஏன் குளிர்ந்திருக்க வேண்டும்? வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். திடமாக இருக்கும் துணுக்கு சூட்டில் உருகும்போது அந்த நீர் ஆவியாகி, மாவுக்குள் சிறு இடைவெளிகளை உண்டாக்குகிறது. முன்பே உருகிவிட்டால் மாவோடு கலந்துவிடும், அடுக்கு வராது. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வெண்ணெய் எடுத்து வைத்த சில நிமிடங்களிலேயே இளகிவிடும். அதனால் மாவையும் பாத்திரத்தையும்கூடக் குளிரவைத்து, விடியற்காலையில் செய்தேன்.

புரோட்டாக் கடையிலிருந்து வந்த கேள்வி

ஜூனில் பள்ளி திறந்ததும், அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடத்தை என் தோல்வியிலிருந்தே தொடங்கினேன். மாவையும் வெண்ணெயையும் கொண்டுபோய்ப் பிசறிக் காட்டினேன். "பால் ஊற்றிய பிறகு அதிகம் பிசையக்கூடாது" என்றேன். கடைசி வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். அவன் அப்பா புரோட்டா மாஸ்டர். தேர்வில் தேர்ச்சி மதிப்பெண்ணை எட்டுவதே அவனுக்குப் பெரும்பாடு. வகுப்பில் வாயே திறக்கமாட்டான்.

"டீச்சர், எங்கப்பா இதே மைதாவை அடிச்சு அடிச்சுத்தானே பிசைவாரு. ஊறவச்சு விசிறுனா துணி மாதிரி விரியும். நீங்க ஏன் தொடக்கூடாதுங்கிறீங்க?"

இதைவிட நல்ல கேள்வியை அந்தப் பாடத்தில் யாரும் கேட்டதில்லை. கோதுமையில் கிளையாடின், குளுட்டெனின் என்று இரு புரதங்கள் உண்டு. நீர் சேர்த்துப் பிசையும்போது இவை பிணைந்து குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலையாகின்றன. புரோட்டாவுக்கு அந்த வலை வேண்டும். இல்லாவிட்டால் விசிறும்போது கிழிந்துவிடும். ஸ்கோனுக்கு அது ஆகாது, வந்தால் ரப்பராகிவிடும். பிசறும்போது மாவுத் துகள்மேல் படியும் வெண்ணெய், நீரைப் புரதத்திடம் எளிதில் அண்டவிடாது. அந்த வலை உருவாவதும் குறைகிறது.

அவனையே முன்னால் அழைத்து, இரண்டு உருண்டை மாவு கொடுத்தேன். ஒன்றை அப்பாவைப்போல அடித்துப் பிசைந்தான். மற்றதை லேசாகக் கூட்டினான். இரண்டையும் இழுத்துக் காட்டினான். ஒன்று நீண்டது, மற்றது உடைந்தது. அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பருவத் தேர்வில் அவன் மதிப்பெண் பெரிதாக உயர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால், அன்றிலிருந்து அவன் கேள்வி கேட்கிறான்.

வெனிலாவும் ஒரு சிறுவனும்

வெனிலா என்பது மெக்சிகோப் பகுதியைச் சேர்ந்த ஆர்க்கிட் கொடியின் காய். அதை இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவுக்குப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோனார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. மகரந்தம் சேர்க்கும் பூச்சி அங்கே இல்லை. 1841-இல் எட்மண்ட் என்ற 12 வயது அடிமைச் சிறுவன், மெல்லிய குச்சியால் பூவின் உள்ளே இருக்கும் சிறு மடலைத் தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூலகமுடியில் அழுத்தினான். காய் பிடித்தது. இன்றும் உலகெங்கும் வெனிலாத் தோட்டங்களில் அந்த முறையைத்தான் கையாள்கிறார்கள்.

அந்தப் பெருமையைத் தமக்கு உரியது என்று ஒரு பிரெஞ்சுத் தாவரவியலாளர் உரிமை கோரியதும் உண்டு. 1848-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகே எட்மண்டுக்கு அல்பியஸ் என்ற குடும்பப் பெயர் கிடைத்தது. 1880-இல் வறுமையில் இறந்தார். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. 12 வயது என்றால் நம் ஏழாம் வகுப்புப் பிள்ளை.

கடைகளில் நாம் வாங்கும் எசன்ஸ் பெரும்பாலும் அந்தக் காயிலிருந்து வருவதில்லை. அதன் மணத்துக்கு முதன்மைக் காரணமான வெனிலினை 1874-இலேயே ஜெர்மானிய வேதியியலாளர்கள் செயற்கையாகத் தயாரித்துவிட்டார்கள். காபிக் கடை ஸ்கோனின் பாகில் தெரியும் கரும்புள்ளிகள் வெனிலா விதைகளாக இருக்கலாம்.

பாகும் கரைதிறனும்

மேல்பூச்சுக்கு 150 கிராம் சீனியை நைசாக அரைத்து, 30 மில்லி பாலும் சில துளி எசன்ஸும் சேர்த்துக் குழைக்கவும். அறை வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 200 கிராம் சீனி கரையும். அப்படியானால் 30 மில்லியில் 60 கிராமுக்கு மேல் கரையாது. மீதி 90 கிராம் கரையாத நுண்துகளாக மிதக்கிறது. அதனால்தான் பூச்சு வெள்ளையாக இருக்கிறது. ஈரம் உலர்ந்ததும் ஓடுபோல இறுகும். ஸ்கோன் முழுதும் ஆறிய பிறகே பூசவேண்டும். சூட்டில் பூசினால் உருகி வழிந்துவிடும். தெவிட்டிய கரைசலுக்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல

தொடக்க வகுப்புகளில் அடுப்பே தேவையில்லை. ஒரு குவளையில் தண்ணீர், இன்னொன்றில் எலுமிச்சைச் சாறு வைத்து, இரண்டிலும் ஒரு சிட்டிகை சோடா போடச் சொல்லுங்கள். நுரைக்கும் குவளை எது என்று குழந்தைகளே சொல்வார்கள். ஆறு, ஏழாம் வகுப்புக்கு விகிதக் கணக்கு இருக்கிறது: 16 ஸ்கோனுக்கு 250 கிராம் மைதா என்றால் 40 பேருக்கு எவ்வளவு? இரண்டரை மடங்கு, 625 கிராம். ஒன்பதாம் வகுப்பில் மஞ்சள்தாள் சோதனை செய்யலாம். சோடா மிகுந்த ஸ்கோனை நீரில் கரைத்துத் தாளில் விட்டால் சிவக்கும். சரியாகச் செய்ததில் அப்படிச் சிவக்காது.

சில எச்சரிக்கைகள். அடுப்பு வேலையை ஆசிரியர் வீட்டிலேயே முடித்துவிட வேண்டும். சுவைக்கக் கொடுப்பதாக இருந்தால் தலைமை ஆசிரியரின் அனுமதி தேவை. கோதுமை, பால், முட்டை ஒவ்வாத குழந்தைகளும், நீரிழிவு உள்ள குழந்தைகளும் இருக்கிறார்களா என்று பெற்றோரிடம் முன்பே கேட்டறியுங்கள். இது சீனி மிகுந்த பண்டம். ஆளுக்கு ஒரு சிறு துண்டு போதும்.

ஸ்கோன்தான் செய்யவேண்டும் என்பதில்லை. புளித்த இட்லி மாவும் புரோட்டாவும் இதே பாடத்தை நடத்தும். நாம் வீட்டில் கெடுத்த ஒரு பண்டத்தை மறைக்காமல் வகுப்புக்குக் கொண்டுபோனால், "எனக்கும் தெரியாமல் இருந்தது" என்று சொல்லத் துணிந்தால், வாய் திறக்காத ஒரு பிள்ளை எழுந்து நிற்கக்கூடும். என் வகுப்பில் அப்படி ஒருவன் எழுந்தான்.