ஊவாவின் பழைய தேயிலை இயந்திரங்களும் புதிய கட்டுப்பாட்டுப் பலகைகளும்

காங்கேசன்துறை சீமெந்து ஆலையை 1990இல் போர் மூடியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரில் போனது. பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கதை வேறு. இவை நிற்கவே இல்லை. நிற்காததால் முழுதாக மாறவும் இல்லை. 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்தை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறி, அங்கேயும் போரைக் கண்டவர்கள் பலர் இதை வாசிப்பீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் ‘பெக்டரி’யில் வேலை பார்த்தவரென்றால், அவர் இயக்கிய அதே ரோலர் இன்றும் சுற்றிக்கொண்டிருக்க இடமுண்டு.

நான் ஊவாத் தோட்டங்களில் மின் கட்டுப்பாட்டு வேலை செய்பவன். பண்டாரவளை, அப்புத்தளை, பசறை என்று அலைவதே தொழில்.

அப்புத்தளை தம்பேதன்ன தொழிற்சாலையைத் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டினார். அந்தக் காலத்தில் ஒரே ஓர் எஞ்சினோ நீர்ச் சுழலியோ கூரையோரமாக ஓடும் நீண்ட தண்டைச் சுற்றும். தோல் பட்டிகள் அதிலிருந்து ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இறங்கும். பின்னர் ஒவ்வொன்றுக்கும் தனி மோட்டர் வந்தது. கட்டுப்பாடு மட்டும் பல இடங்களில் அந்த மோட்டர் வந்த காலத்திலேயே நின்றுவிட்டது. வார்ப்பிரும்பு உடலுக்கு இன்னும் நூறு வருடம் ஆயுள் இருக்கும். பழுதாவது சுவிட்சும் வயரும்தான்.

இதில் முதலில் பார்க்கவேண்டியது உயிர்ப் பிரச்சினை. பழைய கத்தி சுவிட்ச் போட்ட மோட்டர், கரண்ட் போனால் நிற்கும். கரண்ட் வந்ததும் யாரையும் கேட்காமல் தானாகவே சுற்றும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) கரண்ட் இல்லாத நேரம் ரோலருக்குள் சிக்கிய கொழுந்தை வழித்துக்கொண்டிருந்தவரின் இரண்டு விரல்கள் போயின. கரண்ட் திடீரென்று வந்துவிட்டது. சுவிட்சை யாரும் இறக்கி வைக்கவில்லை.

இதற்கு மருந்து கணினி அல்ல. ‘கொன்டெக்டர்’ என்ற மின்காந்தச் சுவிட்சும் இரண்டு பொத்தான்களும் போதும். கரண்ட் போனதும் காந்தம் விடுபட்டுவிடும். பச்சைப் பொத்தானை மறுபடி ஒருவர் அழுத்தாமல் இயந்திரம் புறப்படாது. கைக்கெட்டும் இடத்தில் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானும் வேண்டும். ஆனாலும் ரோலர் கனமானது, நிறுத்தியபின்னும் சிறிது நேரம் சுற்றும். ஆகவே வேலியும் வேண்டும். ஆபத்தான இயந்திரத்துக்கு வேலி போடவேண்டும் என்று 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமே சொல்கிறது.

அடுத்தது வாட்டும் தட்டு. கொழுந்து வந்ததும் நீண்ட தட்டுகளில் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் மணிக்கணக்கில் காற்று விடுவார்கள். தொழிற்சாலையின் மின்கட்டணத்தில் பெரிய பங்கு இந்த விசிறிகளுடையது. ஈரக் கொழுந்துக்குத் தொடக்கத்தில் பலமான காற்றுத் தேவை, பிறகு குறையவேண்டும். பழைய விசிறிக்கோ ஒரே வேகம்தான். கதவைப் பாதி மூடிக் காற்றைக் குறைப்பார்கள், மோட்டர் வீணாகச் சுற்றும். மின்னோட்டத்தின் அதிர்வெண்ணை மாற்றி வேகத்தைக் குறைக்கும் ‘டிரைவ்’ ஒன்றைப் போட்டால் கணக்கே வேறு. விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 50 ஹேட்ஸிலிருந்து 40க்கு இறக்கினால் வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் குறையும், மின்சாரமோ ஏறத்தாழப் பாதியாகும். யூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட கச்சான் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர்பெற்ற வாசம் வருகிறது. அப்போது கொழுந்து சீக்கிரம் வாடிவிடும், வேகத்தைக் குறைக்கும் வசதி அப்போதுதான் அதிகம் உதவும்.

உலர்த்தியில் விடயம் இவ்வளவு சுலபமில்லை. வெளியேறும் காற்று 50 முதல் 55 பாகை செல்சியசுக்குள் இருக்கவேண்டும். குறைந்தால் தேயிலை அவிந்துபோகும். கூடினால் மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். கடைசியில் மிஞ்சும் ஈரம் 3 வீதமளவில் இருப்பது நல்லது. வெப்பமானியோடு தானியங்கிக் கட்டுப்பாடு பொருத்தலாம். ஆனால் அடுப்பு எரிவது விறகில். சூடு போதாது என்று கருவி அறிந்து, விசிறியைக் கூட்டி, கட்டை பற்றி எரிவதற்குள் பல நிமிடம் போய்விடும். அதனால் சூடு கூடும்போது குளிர்காற்றைக் கலக்கும் தகட்டையே கருவியின் பொறுப்பில் விடுவேன். விறகு போடுகிறவரின் கண் இன்றும் தேவை. நொதிப்பறையில் வாசம் பார்த்து ‘இப்போது எடு’ என்று சொல்லும் டீமேக்கரின் மூக்குக்கு மாற்றாக நான் எதையும் பொருத்தியதில்லை.

எல்லா இயந்திரத்தையும் ஒரே ‘பி.எல்.சி.’ கணினிக்குள் அடைக்கச் சொல்லி விற்பனையாளர்கள் வருவார்கள். எனக்கு அதில் பெரிய விருப்பமில்லை. தேயிலைத் தூசியும் மலை ஈரமும் இடி மின்னலும் மின்னணுப் பலகைகளுக்குப் பகை. ஒரு அட்டை எரிந்து கொழும்பிலிருந்து ஆள் வரும்வரை பறித்த கொழுந்து காத்திருக்குமா? கையால் இயக்கும் மாற்றுவழி, தூசி புகாத பெட்டி, இடிதாங்கி, நிரலின் பிரதி தொழிற்சாலையின் கையில் - இவை இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கவேண்டாம் என்பேன்.

பணம்தான் தடை என்பார்கள். 2022இல் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டதும் இறக்குமதிச் சாமான் விலை எகிறியது உண்மை. இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். 1992இல் அரச தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறின; குத்தகைக் காலம் 53 வருடம், 2045இல் முடியும். முடிவு நெருங்க நெருங்க நீண்டகாலச் செலவில் கம்பனிகளுக்கு ஆர்வம் குறையும் என்பது என் கணிப்பு.

அப்படியும் புதிய பலகை வந்தால் அதிலுள்ள எழுத்துகள் ஆங்கிலத்திலும் சிலவேளை சிங்களத்திலும் இருக்கும். பொத்தானை அழுத்துகிறவர் பெரும்பாலும் தமிழர். ‘நிறுத்து’, ‘அவசரம்’, ‘கரண்ட் உண்டு - தொடாதே’ என்ற மூன்று தமிழ் ஒட்டிகளைப் பதுளை டவுனில் அச்சடிக்கச் சில நூறு ரூபா போதும். ஒப்பந்தத்தில் இல்லாவிட்டாலும் நான் ஒட்டிவிட்டுத்தான் வருவேன். தோட்டத்துப் பிள்ளைகளில் மின்வேலை படித்த ஒருவரைப் பொருத்தும் நாட்களில் என்னோடு நிற்க விடுங்கள் என்றும் கேட்பேன். சில நிர்வாகங்கள் விடும். சில, வேலைநேரம் வீணாகும் என்று மறுக்கும்.