ஐந்தரை ஆண்டு பின்னால் புரட்டுங்கள்

1995 மார்ச் 20 காலை டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ என்ற மத அமைப்பின் சீடர்கள் சரின் நச்சுவாயுவைப் பரப்பினார்கள். அந்த வழக்கைப் பற்றிய எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் கை அந்தப் பக்கத்துக்குத்தான் ஓடும். என் கையும் ஓடியது. ஆனால் நாம் படித்து வைத்துக்கொள்ள வேண்டியது அதற்கு ஐந்தரை ஆண்டு முன்பே நடந்துவிட்டது.

யோகோஹாமா வழக்கறிஞர் சுட்சுமி சகாமோட்டோவிடம் பெற்றோர்கள் வந்தார்கள். யோகா கற்க அந்த அமைப்புக்குப் போன பிள்ளை வீட்டைத் துறந்தது, இருந்ததையெல்லாம் எழுதிக்கொடுத்தது, இப்போது பார்க்கவே விடுவதில்லை என்றார்கள். அமைப்பின் குரு ஷோகோ அசஹாராவின் ரத்தத்தைக் குடித்தால் சக்தி வரும் என்று காசு வாங்கியதையும் சகாமோட்டோ விடாமல் கேள்வி கேட்டார். 1989 அக்டோபரில் டிபிஎஸ் தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுத்தார். ஒளிபரப்புக்கு முன்பே நிலையத்தார் அந்தப் பதிவை அமைப்பினருக்குப் போட்டுக்காட்டிவிட்டார்கள்! அடுத்த மாதம் 4ஆம் தேதி விடியுமுன் அவரும் மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும் கொல்லப்பட்டார்கள். வீட்டில் அமைப்பின் பேட்ஜ் கிடந்தும் விசாரணை நகரவில்லை. மூன்று உடல்களும் கிடைத்தது 1995 செப்டம்பரில். கொலைக்குச் சில மாதம் முன்புதான் அமைப்பு முறைப்படி மத நிறுவனமாகப் பதிவாகியிருந்தது.

வயது வந்தவர் எந்தக் குருவை நம்பினாலும் அது அவர் உரிமை. பிடிக்கவில்லை என்று வீட்டார் அவரை இழுத்து வந்து பூட்டிவைக்க முடியாது, அதுவும் குற்றமே. ஆனால் வெளியேறுவதும் அதே உரிமைதான். 1995 பிப்ரவரியில், வெளியேறிய தன் சகோதரியின் இருப்பிடத்தைச் சொல்லாத 68 வயதுக்காரர் ஒருவரை அமைப்பினர் கடத்திப்போனார்கள். ஃபூஜி மலையடிவார ஆசிரமத்தில் அவர் உயிர் போயிற்று.

அசஹாரா 2018 ஜூலை 6 அன்று தூக்கிலிடப்பட்டார். சகாமோட்டோவிடம் வந்த பெற்றோர் கேட்ட பரிகாரமோ இன்னும் தாமதமாக, அதுவும் வேறொரு சபையின் பெயரால் வந்தது. முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே 2022இல் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு ஒருங்கிணைப்புச் சபையின் நன்கொடை வசூல் அம்பலமாகி, அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பான் ஒரு சட்டம் இயற்றியது. தெய்வ குற்றம், சாபம் என்று பயமுறுத்தி நன்கொடை வாங்கினால் அதைத் திரும்பப் பெறலாம். கொடுத்தவரை நம்பி வாழும் மனைவி மக்களும் ஓரளவுக்கு உரிமை கோரலாம்.

இப்படி ஒரு அமைப்பிடம் உங்கள் வீட்டுப் பிள்ளையும் போயிருந்தால் கடிதம், ரசீது, பத்திர நகல், தேதி எதையும் தூக்கிப்போடாதீர்கள். தனியாகப் போய் மோதாமல், உங்களைப் போன்ற பெற்றோருடன் சேர்ந்து வழக்கறிஞரைப் பாருங்கள். பேட்டி கொடுப்பதானால், ஒளிபரப்புக்கு முன் அந்தப் பதிவை யாரெல்லாம் பார்ப்பார்கள் என்று முதலில் கேளுங்கள்.