பருவச் சான்று: குயிலும் கொன்றையும்
சங்க அகப்பாடல்களில் இளவேனிலுக்குக் குயிலும் கார்காலத்திற்குக் கொன்றையும் சான்றாகின்றன. எனினும் தலைவன் திரும்புவதாகக் கூறிய பருவம் வந்ததா என்னும் வினாவில் இவ்விரண்டின் சான்றும் ஒரே வகையில் ஏற்கப்படுவதில்லை. குறுந்தொகை 66-இல், பருவமல்லா மழையைக் காரென மயங்கிக் கொன்றை பூத்ததாகத் தோழி கூறுகிறாள். 21-இல் தலைவியே கொன்றைக் கானத்தை நம்ப மறுக்கிறாள். 192-இல் நிலை வேறு. மாம்பூந்தாது படிந்த குயிலின் கருஞ்சிறகு பொன் உரைத்த கட்டளைக்கல்லை ஒக்கிறது. பொன்னின் மாற்றறியும் கல் உவமையானது தற்செயல் எனத் தோன்றவில்லை. பருவம் வந்ததைத் தலைவி மறுக்கவில்லை, வருந்துகிறாள். பூத்தலுக்கு மழையைக் காரணங்காட்டி மரத்தைப் பேதையாக்கலாம். குயிலுக்கு அத்தகைய காரணம் எதுவும் இப்பாடலில் இல்லை. இன்று சரக்கொன்றை பருவமழைக்கு முன்பே, ஏப்ரல் முதலாகப் பூப்பதைக் காண்போர்க்குத் தோழியின் கூற்று வெறும் ஆறுதலுரையாக மட்டும் படாது.