பக்கவாதம்: ஊசிக்கு நாலரை மணி நேரம்... பயிற்சிக்குப் பல மாசம்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல நைட் ஷிஃப்ட். பக்கத்து மெஷின்ல நிற்கிற அண்ணனுக்குத் திடீர்னு வாய் ஒரு பக்கம் கோணுது, கை தொங்குது, பேச்சு குழறுது. 'தூக்கக் கலக்கம், டீ குடிச்சா சரியாகிடும்'னு விட்டுடாதீங்க. அது பக்கவாதமா இருக்கலாம்.

மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சுக்கிட்டாலோ, வெடிச்சாலோ வர்றதுதான் பக்கவாதம். பெரும்பாலும் அடைப்புதான். அதைக் கரைக்கிற ஊசியை, அறிகுறி தொடங்கின நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி சி.டி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லைனு உறுதிப்படுத்தணும். இங்கிருந்து சென்னைக்குச் சுமார் 45 கி.மீ. அதனால, மெடிக்கல் ஷாப்புக்கு அலையாம உடனே 108-க்கு போன் பண்ணுங்க. அறிகுறி தொடங்கின நேரத்தைக் குறிச்சு வைங்க. தண்ணி, மாத்திரை எதுவும் கொடுக்காதீங்க. விழுங்க முடியாம நுரையீரலுக்குள்ள போயிடலாம்.

உயிர் பிழைச்சாச்சு. அடுத்து? இங்கதான் பல குடும்பங்கள் கோட்டை விடுறாங்க. எண்ணெய், புறா ரத்தம்னு தேடிப்போய் நாளைக் கடத்துறாங்க.

செத்துப்போன மூளை செல்கள் திரும்ப வராது. ஆனா, அதுங்க செஞ்ச வேலையை மூளையோட மற்ற பகுதிகள் கத்துக்கும். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கிற பிசியோதெரபி அதுக்குத்தான். முதல் மூணு மாசம் முன்னேற்றம் வேகமா இருக்கும். அப்புறம் வேகம் குறையும், ஆனா நின்னுடாது.

கண்ணாடியை வெச்சுகூட ஒரு பயிற்சி இருக்கு. தமிழ்நாட்டுல பிறந்த நரம்பியல் விஞ்ஞானி வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவங்களோட வலிக்காகக் கொண்டுவந்த முறை இது. செயலிழந்த கையைக் கண்ணாடிக்குப் பின்னால மறைச்சு, நல்ல கையை முன்னால அசைச்சா, ரெண்டு கையும் அசையுற மாதிரி மூளைக்குத் தோணும். பக்கவாதத்துக்கும் இப்போ இதைப் பயன்படுத்துறாங்க. எந்தப் பயிற்சி யாருக்குன்னு பிசியோதெரபிஸ்ட்தான் சொல்லணும்.

வீட்ல ஒரு கவனம்: அவரைத் தூக்கும்போது பலமில்லாத கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. தோள்மூட்டு இறங்கிடும்.

'தினமும் ஆட்டோ வெச்சுக் கூட்டிட்டுப் போக வசதியில்லையே'ன்னு நிறுத்திடாதீங்க. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல, வீட்டுக்கே வந்து இலவசமா பிசியோதெரபி கொடுக்கறாங்க. பக்கத்துல இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

அண்ணன் மறுபடி தன் கையால சட்டை பட்டன் போடணும்னா, வாரத்துல சில நாள் வர்ற பிசியோதெரபிஸ்ட் மட்டும் போதாது. மத்த நாள்கள்ல பக்கத்துல உட்கார்ந்து 'இன்னும் பத்து தடவை'ன்னு எண்ண ஓர் ஆள் வேணும். அது நீங்களா இருங்க.