பங்கு உண்டு, ஓட்டு இல்லை

கூகிளில் வேலை செய்பவர்களுக்குச் சம்பளத்தோடு கம்பெனிப் பங்கும் கிடைக்கும் என்பது பலருக்கும் தெரிந்த விஷயம். அது என்ன வகைப் பங்கு என்று கேட்பவர்கள் குறைவு. அதன் பெயர் கிளாஸ் சி. விலை உண்டு, விற்கலாம். ஆனால் ஓட்டு கிடையாது. ஏன் இப்படி ஒரு பங்கு என்று தேடியபோது கிடைத்த விவரங்கள் இங்கே.

2004-ல் கூகிள் சந்தைக்கு வந்தபோது இரண்டு வகைப் பங்குகள் இருந்தன. பொதுமக்கள் வாங்கிய கிளாஸ் ஏ-வுக்கு ஒரு ஓட்டு. நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் வைத்திருந்த கிளாஸ் பி-க்கு 10 ஓட்டு. கடிவாளம் கையைவிட்டுப் போகாமலிருக்க இது போதும்னுதான் தோணும். போதாது. காரணம் ஊழியர்களுக்குத் தரும் பங்கு.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு கம்பெனியில் மொத்தம் 100 பங்கு. நிறுவனரிடம் 20, வெளியாட்களிடம் 80. நிறுவனருக்கு 200 ஓட்டு, மற்றவர்களுக்கு 80. அதாவது 71% அவர் கையில். பிறகு வருஷாவருஷம் ஊழியர்களுக்குப் புதுப்பங்கு தருகிறார்கள். அது 120 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கொரு ஓட்டு என்றால் 200-க்கு 200. நிறுவனரின் பிடி சரிபாதிக்கு வந்துவிட்டது. அந்த 120-க்கும் ஓட்டே இல்லையென்றால்? அவருடைய பங்கு 9% ஆகச் சுருங்கினாலும் 71% ஓட்டு அப்படியே இருக்கும்.

கிளாஸ் சி செய்வது இதைத்தான். 2012-ல் நிறுவனர்கள் எழுதிய கடிதத்தில் இதை மறைக்கவும் இல்லை: ஊழியர்களுக்குப் பங்கு தருவதும், பங்கு கொடுத்துக் கம்பெனிகளை வாங்குவதும் தங்கள் பிடியைத் தளர்த்தும் என்றே சொன்னார்கள். பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2013-ல் சமரசம். 2014-ல் கிளாஸ் சி வந்தது.

"ஓட்டு வேணும்னா சி-யை வித்துட்டு ஏ வாங்கிக்கலாமே?" என்று கேட்கலாம். வாங்கலாம். இரண்டுக்கும் விலை வித்தியாசமும் அற்பம்தான். அந்த அற்பத்திலேயே பதிலும் இருக்கிறது. பாதிக்குச் சற்று மேலான ஓட்டு இரண்டு பேரிடம் இருக்கும்போது மற்ற ஓட்டுக்குச் சந்தை ஏன் விலை தரப்போகிறது? 'ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு' என்ற தீர்மானம் ஆண்டுக் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. மொத்த ஓட்டில் சுமார் 30% வாங்கித் தோற்கிறது. நிறுவனர்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், அந்த 30% மற்றவர்களின் ஓட்டில் பாதிக்கும் மேல்.

இதெல்லாம் வெறும் கணக்கு இல்லை. 2018 நவம்பரில், பாலியல் புகார்களை நிர்வாகம் கையாண்ட விதத்தை எதிர்த்து சுமார் 20,000 கூகிள் ஊழியர்கள் வேலையை விட்டு வெளியே வந்து நின்றார்கள். இயக்குநர் குழுவில் ஊழியர் பிரதிநிதி ஒருவர் வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. கம்பெனிப் பங்கைச் சம்பளமாக வாங்கியவர்கள், இயக்குநர் குழுவில் ஓர் இடத்தைத் தெருவில் நின்று கேட்க வேண்டியிருந்தது.

நிறுவனர்கள் பக்கமும் நியாயம் உண்டு. காலாண்டு லாபத்துக்காக நச்சரிக்கும் முதலீட்டாளர்களிடமிருந்து நீண்டகாலத் திட்டங்களைக் காப்பாற்ற ஒரு வேலி வேண்டும். என் கேள்வி, அந்த வேலிக்கு ஆயுள் எவ்வளவு என்பதுதான். இந்தியாவில் செபி 2019-ல் அதிக ஓட்டுள்ள பங்குகளை அனுமதித்தபோது கெடுவும் வைத்தது. பட்டியலிட்ட 5 ஆண்டில் அவை சாதாரணப் பங்காக மாற வேண்டும். இன்னொரு 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் அதை முடிவுசெய்யும் வாக்கெடுப்பில் அந்தப் பங்கை வைத்திருப்பவர்கள் ஓட்டுப் போட முடியாது. கூகிளின் கிளாஸ் பி-க்கு அப்படி எந்தக் கெடுவும் இல்லை.

வேலைக்கான கடிதத்தில் 'நீங்களும் ஒரு உரிமையாளர்' என்று எழுதியிருந்தால் எத்தனை பங்கு என்று மட்டும் பார்க்காதீர்கள். எந்த வகை, அதற்கு எத்தனை ஓட்டு என்றும் கேளுங்கள். ஓட்டில்லாத பங்கும் நல்ல சம்பளம்தான். அதை உரிமை என்று எண்ணிக்கொள்ள வேண்டாம், அவ்வளவே.